ஹோம் போதும் மச்சி!

"மச்சி, உன் லேப்டாப்ல ஹோமா, ப்ரோவா?"

முதல் வருஷம் ஹாஸ்டலில் ஒருத்தன் கேட்டான். "ஹோம்" என்றேன். அவன் பார்த்த பார்வையில் கூசிப்போய், அன்றைக்கு ராத்திரியே யாரோ கொடுத்த பென்டிரைவிலிருந்து ஒரு ஆக்டிவேட்டரை ஓட்டி 'ப்ரோ' ஆக்கிவிட்டேன். ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னது, பண்ணினேன். மூணே வாரத்தில் என் மெயில் ஐடி என் கையில் இல்லை. அதனால்தான் போச்சு என்று நிரூபிக்க முடியாது. ஆனால் கதவைத் திறந்து வைத்தது நான்தானே!

அப்படி ப்ரோவில் என்னதான் இருக்கு? வேகம் இல்லை. விண்டோஸ் 11 ஹோம், ப்ரோ இரண்டும் அடிப்படையில் ஒன்றுதான். கேமோ ஆட்டோகேடோ ப்ரோவில் ஓடுவதால் மட்டும் வேகமாகிவிடாது. ப்ரோ அதிக ராம் ஏற்கும், உண்மைதான். ஆனால் ஹோமே 128 ஜிபி வரை ஏற்கும். நம்மகிட்ட இருப்பது 8, மிஞ்சிப்போனால் 16!

ப்ரோவில் கூடுதலாக வருவது டொமைனில் சேர்வது, குரூப் பாலிசி, ஹைப்பர்-வி, சாண்ட்பாக்ஸ், வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நம்ம மெஷினுக்குள் நுழைவது போன்றவை. பெரும்பாலும் ஆபீஸ் மெஷின்களை மேய்க்கும் அட்மினுக்கானவை. லினக்ஸ் லேபுக்கு டபிள்யூ.எஸ்.எல். 2 ஹோமிலேயே ஓடும். டாக்கர், விர்ச்சுவல்பாக்ஸும் ஓடும்.

"பிட்லாக்கர் இருக்கே?" என்பீர்கள். நியாயமான கேள்வி. அதன் முழு வசதியும் ப்ரோவில்தான். ஆனால் பல புது லேப்டாப்களில் ஹோமிலும் டிவைஸ் என்க்ரிப்ஷன் உண்டு. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்ததும் பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகி, 48 இலக்க ரெகவரி கீ அந்த அக்கவுண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். யார் அக்கவுண்ட்? லேப்டாப்பை செட்டப் பண்ணிக் கொடுத்த கடைக்காரர் அண்ணனுடையதா? பாஸ்வேர்டு மறந்துபோன பழைய மெயிலா? நாளைக்கு மதர்போர்டு மாற்றினால் அந்தக் கீயைக் கேட்கும். கீ இல்லையென்றால், பேக்கப் எடுக்காத ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கோவிந்தா!

அதனால் மக்களே, ப்ரோவுக்கு ஒதுக்கிய காசில் ராம் கூட்டுங்க, இல்லையென்றால் எஸ்.எஸ்.டி. வாங்குங்க. ஹைப்பர்-வி நிஜமாகவே வேண்டும் என்றால், காலேஜ் லைசென்ஸில் எஜுகேஷன் எடிஷன் கிடைக்குமா என்று முதலில் லேப் சார்கிட்ட கேளுங்க. கிராக் மட்டும் வேண்டவே வேண்டாம். இன்றைக்கே உங்க ரெகவரி கீ எங்கே இருக்கு என்று தேடி, ஒரு பேப்பரில் எழுதி வைங்க.

அடுத்த தடவை யாராவது "ஹோமா, ப்ரோவா?" என்று கேட்டால் கூசாமல் சொல்லுங்க: ஹோம்தான்!