கௌரவம் சோறு போடுமா?

ஆலைத் தொழிலாளியின் மகள் எம்.ஏ. முடித்து, டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள். விவசாயக் கூலியின் மகன் பட்டம் பெற்று, பல்கலைக்கழக ஆபீசில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான். "வெயிலிலும் பஞ்சுத் தூசியிலும் நாம் பட்ட பாடு போதும்; பிள்ளையாவது நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும்" என்று பெற்றோர் ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசை. அதற்குப் பின்னால் இரண்டு தலைமுறையின் வியர்வை இருக்கிறது. ஆகவே, பல்கலைக்கழக உத்தியோகத்தில் உள்ள நன்மை என்ன, தீமை என்ன என்பதை உழைப்பாளி மக்கள் ஒளிவு மறைவின்றித் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் நன்மையைச் சொல்வோம். நிரந்தர வேலை கிடைத்தவருக்கு அது நல்ல வேலைதான். ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. அதற்கு மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, வருஷா வருஷம் இன்கிரிமெண்ட். பெண்களுக்குச் சம்பளத்துடன் பிரசவ லீவு. குமாஸ்தா, ஆய்வுக்கூட உதவியாளர், டிரைவர், தோட்டக்காரர் ஆகியோரும் நிரந்தரப் பட்டியலில் இருந்தால் மாதச் சம்பளக்காரர்களே. மழை பொய்த்தது, நடவு இல்லை என்று அவர்களை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. நூல் விலை சரிந்தது என்று கதவை அடைப்பதில்லை. புத்தகமும் படிப்பும் சூழ்ந்த இடம்; அங்கே வேலை பார்ப்பவரின் குழந்தை கல்லூரி வாசலைக் கண்டு மிரளுவதில்லை. இவை சின்ன விஷயங்களல்ல. ஆசிரியர்களும் ஊழியர்களும் சங்கம் வைத்துப் போராடிப் பெற்ற உரிமைகள் இவற்றில் பல.

ஆனால் இந்த நன்மைகள் எத்தனை பேருக்குக் கிடைக்கின்றன? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

ஆலையிலே பதிலித் தொழிலாளி என்றால் யார் என்று நமது வாசகர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதே இயந்திரம், அதே வேலை. பெயர் மட்டும் நிரந்தரப் பட்டியலில் இராது. கல்வி நிலையங்களிலும் இந்தப் பதிலி முறை நுழைந்து பல காலம் ஆகிவிட்டது. அங்கே அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கௌரவ விரிவுரையாளர்'. பெயரிலே கௌரவம் இருக்கிறது, சம்பளத்திலே இல்லை. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை இவர்களுக்குக் கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019ல் வகுத்தது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளிலோ, மாதம் 20,000 ரூபாயாக இருந்த தொகுப்பூதியம் அதற்குப் பிறகு 25,000 ஆயிற்று. அதுவும் வருஷத்துக்கு 11 மாதம் மட்டும். மே மாதத்தில் கல்லூரிக்கு லீவு. வயிற்றுக்கும் லீவு விட முடியுமா?

குஜராத்தில் அரசு வைத்திருந்த காண்டிராக்ட் உதவிப் பேராசிரியர்கள் மாதம் 30,000 ரூபாய்க்கு ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தினார்கள். 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அவர்களுக்கு உதவிப் பேராசிரியரின் சம்பள விகிதத்தில் குறைந்தபட்சத் தொகையைக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. பொது மேடைகளில் குருவை வணங்கும் சுலோகத்தை ஓதிவிட்டு, அவருக்குக் கண்ணியமான சம்பளம் கொடுக்காமல் இருப்பதில் அர்த்தமில்லை என்ற கருத்தையும் நீதிபதிகள் சொன்னார்கள். வணங்குகிற கை பணப்பெட்டியைப் பூட்டியே வைத்திருந்தது என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

ஆசிரியரின் நிலையே இதுவென்றால், வகுப்பறையைப் பெருக்குகிறவர், கக்கூசு கழுவுகிறவர், ஹாஸ்டலில் சோறு வடிக்கிறவர், வாசலில் காவல் நிற்கிறவர் கதி என்ன? தினக்கூலி, தொகுப்பூதியம், காண்டிராக்ட் என்று பெயர்கள் பல. காண்டிராக்டர் மாறுவார், விளக்குமாறு பிடிக்கும் கை மாறாது. பத்து வருஷம் ஒரே கட்டிடத்தில் வேலை செய்த பிறகும், "நீ எங்கள் ஆள் அல்ல" என்று நிர்வாகம் சொல்ல முடிகிறது.

நிரந்தரமானவர்களும் நிம்மதியாக இல்லை. 1929ல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 2012ஆம் ஆண்டின் கடைசியில், பணமுடை என்று சொல்லி ஊழியர்களின் சம்பளத்திலும் வேலையிலும் கைவைக்கப் பார்த்தார்கள். ஊழியர்கள் ஒன்றுபட்டுக் கிளம்பினார்கள். 2013ல் அதை மாநில சர்க்கார் ஏற்றுக்கொண்டது. அது போராட்டத்தின் பலன். ஆனால் அதன் பின்னர், 'உபரி' என்று முத்திரை குத்தப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் ஊர் ஊராக வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டனர். 1857ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாங்குக் கணக்குகளை, வரி பாக்கி என்று சொல்லி, வருமான வரி இலாகா 2024ல் முடக்கியது. அதே ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளம் மாதக்கணக்கில் வராமல் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். தவறு யாருடையதாயினும் பட்டினி ஊழியருடையது. முதுமைக்கென்று நம்பியிருந்த பழைய பென்ஷனும், 2003 ஏப்ரல் 1க்குப் பின்னர் தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் பங்களிப்புத் திட்டமாக மாற்றப்பட்டது.

இவ்வளவு அநீதியும் எப்படி நடக்கிறது? "கல்வி புனிதமானது, அங்கே முதலாளி, தொழிலாளி என்ற பேச்சுக்கே இடமில்லை" என்ற வாதத்தின் மறைவில் நடக்கிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு.

டில்லிப் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவிகளை ஏற்றிச் செல்லும் பஸ்களை ஓட்டிய இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது என்று அவர்களை நிறுத்தினார்கள். ஆட்குறைப்புக்கான நஷ்டஈடு கேட்டு அவர்கள் வழக்காடினார்கள். ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அதே நஷ்டஈட்டைத்தான் கேட்டார்கள். 1963ல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று? கல்வி 'தொழில்' அல்ல. ஆகவே இந்த டிரைவர்களுக்குத் தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று சொல்லிற்று! ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கும் புனிதத்துக்கும் என்ன சம்பந்தம்?

15 வருஷம் கழித்து, 1978ல், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு இந்தத் தீர்ப்பைத் தள்ளியது. பல்கலைக்கழகமும் தொழில்தான் என்ற முக்கியத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957ல் கேரளத்தில் அமைந்த நம்பூதிரிபாட் மந்திரிசபையில் மந்திரியாக இருந்தவர். கதவு திறந்தது. ஆனால் முழுவதும் திறக்கவில்லை. கல்வி நிலையம் தொழில்தான். ஆயினும் ஆசிரியர் அந்தச் சட்டத்தின்படி 'தொழிலாளி' அல்ல என்று 1988ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. குமாஸ்தா ஒரு பக்கம், ஆசிரியர் மறு பக்கம் என்று கோடு கிழிக்கப்பட்டது.

கோர்ட்டு கிழித்த கோட்டைவிட, ஊழியர்கள் தாங்களே கிழித்துக்கொள்ளும் கோடு ஆபத்தானது. பேராசிரியர் குமாஸ்தாவைப் பார்ப்பதில்லை. நிரந்தரக் குமாஸ்தா தினக்கூலியைப் பார்ப்பதில்லை. "நாங்கள் படித்தவர்கள், ஆலைக்காரர் மாதிரி கொடி பிடிக்கலாமா?" என்று தயங்குகிறவர்களும் உண்டு. இதைச் சகோதர உணர்வோடு கண்டிக்கிறோம். அண்ணாமலையில் வேலையைக் காப்பாற்றியது பட்டமல்ல, ஒற்றுமை.

அதேபோல், "படித்தவர்கள் சண்டை நமக்கெதற்கு?" என்று ஆலைத் தொழிலாளியும் கிராமத்து உழைப்பாளியும் ஒதுங்குவதும் தவறு. அங்கே படிப்பது நம் பிள்ளைகள். அடுத்த மாதம் வேலை உண்டா என்று தெரியாத ஆசிரியர் எந்த மனத்தோடு பாடம் நடத்துவார்? சர்க்கார் கைவிட்ட பல்கலைக்கழகம் கட்டணத்தை உயர்த்தினால் முதலில் வெளியேறுவது கூலிக்காரர் பிள்ளையே.

காலி இடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்பு! சம வேலைக்குச் சம சம்பளம் கொடு! நீண்ட காலம் உழைத்த தினக்கூலி, தொகுப்பூதிய ஊழியர்களை நிரந்தரமாக்கு! சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் சர்க்கார் பொறுப்பேற்றுப் பணம் ஒதுக்கு! இவை பல்கலைக்கழக ஊழியரின் கோரிக்கைகள் மட்டுமல்ல. கல்வியைக் காக்க விரும்பும் உழைப்பாளி மக்கள் அனைவரின் கோரிக்கைகள்.

பிள்ளைகளைப் பல்கலைக்கழக வேலைக்குத் தாராளமாக அனுப்புங்கள். அந்தப் படிகளில் ஏற அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அனுப்பும்போது ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: நியமன உத்தரவை ஒரு முறைக்கு இரு முறை படி, நிரந்தரமா, தொகுப்பூதியமா என்று பார், சேர்ந்த முதல் மாதமே சங்கத்துக்குச் சந்தா கட்டு.