குப்பி தாங்கும், தொண்டை தாங்காது



“கண்ணாடிக் குப்பிதானே சார், ஆசிட் அதை என்ன செய்யும்?” குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் சொல்லும் நியாயம் இது. ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டைப் பழைய சர்பத் குப்பியில் வாங்கி வந்து வீட்டுக்குள் வைப்பதற்கு இதைவிட மோசமான நியாயம் கிடையாது.

குப்பிக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஏன் ஆகாது? சாதாரணக் கண்ணாடியில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் சிலிக்கா. மீதி பெரும்பாலும் சோடாவும் சுண்ணாம்பும். ஆசிட் பட்டதும் மேற்பரப்பில் உள்ள சோடியம் அயனி கொஞ்சம் வெளியேறும், அந்த இடத்தில் ஹைட்ரஜன் அயனி ஏறும். மிஞ்சுவது சிலிக்கா மிகுந்த மெல்லிய தோல். உள்ளே இருக்கும் சோடியம் வெளியே வர அந்தத் தோலே தடை. அதனால் அரிப்பு நாளாக நாளாக மெதுவாகிறது. காஸ்டிக் சோடா அப்படியல்ல, சிலிக்கா வலையையே அறுக்கும். லேபில் அந்தக் குப்பிக்கு மட்டும் ரப்பர் கார்க் போட்டது அதற்காகத்தான். ஆசிட்டுகளில் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் விதிவிலக்கு. அது கண்ணாடியைத் தின்னும்.

இவ்வளவும் குப்பியைப் பற்றிய பாடம். குடிக்கிறவனைப் பற்றி இதில் ஒரு வரியும் இல்லை. ஆசிட் கண்ணாடியை அரித்திருந்தால் நமக்கு ஒரு எச்சரிக்கையாவது கிடைத்திருக்கும். குப்பியோ வருஷக்கணக்கில் பளிச்சென்று நிற்கிறது. உள்ளே பச்சைத் தண்ணீர் மாதிரி ஆசிட். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 85 சதவீதம். ஒரு மடக்கு போனால் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துவிடும். ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடையும், சிறுநீரகம் கெடும்.

“பேர் எழுதி ஒட்டியிருக்கோம்” என்பீர்கள். நாலு வயதுப் பிள்ளை வாசிக்குமா? “நெடி காட்டிக்கொடுக்குமே” என்பீர்கள். வெயிலில் வந்து தாகத்தோடு எடுக்கிறவன் மூக்கைக் கேட்டுக் குடிப்பதில்லை, குப்பியைப் பார்த்துக் குடிக்கிறான்.

ஆகவே கடையில் குப்பியை நீட்டாதீர்கள். நீட்டினாலும் கடைக்காரர் ஊற்றித் தரக்கூடாது. லேபிள் ஒட்டிய கேனிலேயே வாங்கி, ஷீட் அடிக்கும் ஷெட்டில் பூட்டி வையுங்கள். அடுக்களைப் பக்கமே வேண்டாம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து, லேபிளோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இதைப் படித்ததும் லைக் போட வேண்டாம். எழுந்து போய் உங்கள் வீட்டுப் பரணையும் திண்ணையையும் ஒரு தடவை பாருங்கள் மக்களே.