நூறு மில்லியனில் பச்சை-வெள்ளைக்குப் பங்கில்லை

புளோரியன் விர்ட்ஸைப் பற்றி நம்ம ஊர்ப் பக்கங்களில் ஓடிய பகிடிகளை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். லிவர்பூல் ரசிகர்கள் கோபத்தில் எழுதினார்கள், மற்றவர்கள் சந்தோஷத்தில் எழுதினார்கள். உதைபந்தாட்டம் என்றால் பகிடி இருக்கத்தான் செய்யும், அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பையனுடைய கதையை முழுசாகத் தெரிந்துகொண்டு பகிடி பண்ணலாமே என்றுதான் தோன்றியது. அந்தக் கதைக்குள் ஒரு காசுக் கணக்கும் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எங்களுக்கு அந்தக் கணக்குக் கொஞ்சம் சுட்டது. பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விர்ட்ஸ் 2003 மே 3ஆம் திகதி ஜேர்மனியின் புல்ஹைம் நகரில் பிறந்தவர். கொலோன் மாநகரத்துக்குப் பக்கத்து ஊர். வீட்டில் பத்துப் பிள்ளைகள், நம்ம உம்மும்மா காலத்துக் குடும்பம் மாதிரி. வாப்பா ஊர்க் கழகத்தின் தலைவர். அந்த இடத்துக்குப் பெயர் பிரவுவைலர், கழகத்துக்குப் பெயர் கிரூன்-வைஸ். பச்சை-வெள்ளை என்று அர்த்தம். பின்னைய நாட்களில் பெரிய கழகங்கள் பேரம் பேச வந்தபோதும் மகனுக்காக உட்கார்ந்து பேசியது வாப்பாவும் உம்மாவும்தான். ராத்தா ஜூலியானும் தொழில்முறை வீராங்கனை. லெவர்குசனுக்கு ஆடி, பிறகு வெர்டர் பிரேமனுக்குப் போனவர். ஒரே வீட்டில் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்றால் அந்த வீட்டு முற்றத்தில் பந்து எவ்வளவு உருண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2010இல், ஏழு வயதில், பையன் கொலோன் கழகத்தின் சிறுவர் அணிக்குப் போனான். கிட்டத்தட்ட பத்து வருடம் அங்கேதான். 2019இல் கொலோனின் 17 வயதுக்குட்பட்டோர் அணி ஜேர்மன் சம்பியனானபோது அந்த அணியில் இருந்தான். அடுத்த வருடம் ஜனவரியில் பக்கத்து லெவர்குசன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இதிலே பெரிய சண்டை. கொலோன், லெவர்குசன், மொன்சென்கிளாட்பாக் மூன்றும் ஒரே வட்டாரத்துக் கழகங்கள். ஒருவர் வளர்க்கிற சிறுவர்களை மற்றவர் இழுப்பதில்லை என்று அவர்களுக்குள் ஒரு கனவான் ஒப்பந்தம் இருந்தது. கொலோன்காரர்கள் கொதித்தார்கள். லெவர்குசன் சொன்ன பதில், நாங்கள் சிறுவர் அணிக்கு ஆள் எடுக்கவில்லை, தொழில்முறை அணிக்கு எடுக்கிறோம் என்பதுதான். சட்டத்தரணிக்கு அந்தப் பதில் போதும். பத்து வருடம் மழையிலும் பனியிலும் கூடவே நின்ற பயிற்றுவிப்பாளருக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. கொலோனுக்குக் கைக்கு வந்ததும் சின்னத் தொகைதான்.

இந்த இடத்தில் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் ஞாபகம் வந்திருக்கும். ஒரு சின்னப் பாடசாலை ஐந்து வருடம் ஒரு பிள்ளையைத் தூக்கி நிறுத்தும். புள்ளி வந்ததும் பிள்ளை டவுன் பாடசாலைக்குப் போய்விடும். பிள்ளை போவது நியாயம், போகத்தான் வேண்டும். எட்டு வருடத்துக்குப் பிறகு உயர்தரப் பெறுபேறு வரும்போது சந்தியில் கட்டுகிற பேனரில் பெரிய பாடசாலையின் பெயர் இருக்கும், ரியூசன் வகுப்பின் பெயர் இருக்கும். ஆனா, ஆவன்னா எழுதப் பழக்கிய டீச்சரின் பெயரை அந்த பேனர்களில் நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. அலிப், பே ஓதிக் கொடுத்த லெப்பைக்கும் அதே கதிதான்.

சரி, விர்ட்ஸுக்கு வருவோம். 2020 மே 18, கொரோனாக் காலம், ஆளில்லாத அரங்கம். பிரேமனுக்கு எதிராக லெவர்குசன் அவரை இறக்கியது. வயது 17 வருடமும் 15 நாளும். கழகத்தின் மிக இளைய பண்டஸ்லீகா வீரர் என்ற பெயர் அதுவரை காய் ஹவேர்ட்ஸிடம் இருந்தது, அன்றைக்கு இவரிடம் வந்தது. மூன்று கிழமை கூட ஆகவில்லை, ஜூன் 6ஆம் திகதி பயேர்ன் மியூனிக்கின் வலைக்குள் ஒரு கோல் அடித்தார். காப்பாளர் மனுவேல் நோயர். பண்டஸ்லீகா வரலாற்றின் மிக இளைய கோலடிப்பாளர் என்ற சாதனை அன்றைக்கு அவருடையதானது. ஆறு மாதத்தில் டோர்ட்முண்டின் மூகோகோ அதை எடுத்துக்கொண்டார். வயதுச் சாதனைகளின் ஆயுள் அவ்வளவுதான், அதை வைத்து ஒரு பிள்ளையை அளக்கவே கூடாது.

எங்களுக்கு அவருடைய கதையில் முக்கியமான வருடம் 2022. பத்திரிகைகள் அதை இரண்டு வரியில் கடந்துவிடும். அந்த வருடம் மார்ச் 13, சொந்த மைதானத்தில் ஆட்டம். எதிரணி யார் என்றால், அவரை வளர்த்த அதே கொலோன். அந்த ஆட்டத்தில் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிந்தது. வயது 18. இந்தக் காயத்தோடு எத்தனையோ பேரின் கால் பழைய காலாகத் திரும்பியதே இல்லை. பழைய நாளில் என்றால் அந்தப் பேச்சே முடிந்த மாதிரி. விர்ட்ஸ் பத்து மாதம் வெளியில் இருந்தார். கட்டார் உலகக் கிண்ணம் அவர் இல்லாமலே நடந்தது, ஜேர்மனி முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது. 2023 ஜனவரியில்தான் அவர் மறுபடி களத்துக்கு வந்தார்.

அந்தப் பத்து மாதத்தில் லெவர்குசன் என்ன செய்தது என்று கவனியுங்கள். காயத்தில் கிடந்த பிள்ளையோடு ஒப்பந்தத்தை நீடித்தது. வந்தவுடன் ஓட விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியது. இடையில் பயிற்றுவிப்பாளராக வந்திருந்த செபி அலொன்சோ தானும் ஒரு மத்தியகள வீரராக உலகக் கிண்ணம் வென்றவர், அந்த இடத்தின் வலி தெரிந்தவர். கொலோனிடமிருந்து எடுத்த முறையில் எங்களுக்கு மனக்குறை இருந்தாலும், எடுத்த பிறகு வளர்த்த முறையில் லெவர்குசனுக்கு முழுப் புள்ளி கொடுக்கிறோம்.

அதன் பலன் எல்லோருக்கும் தெரியும். 2023-24 பருவத்தில் 34 லீக் ஆட்டங்கள், 28 வெற்றி, 6 சமநிலை, ஒரு தோல்வியும் இல்லை. தொடர்ந்து 11 வருடம் கிண்ணத்தை வைத்திருந்த பயேர்ன் முதல் தடவையாகக் கையை விட்டது. 2024 ஏப்ரல் 14ஆம் திகதி பிரேமனை 5-0 என்று வென்று லெவர்குசன் தன் முதல் லீக் கிண்ணத்தை உறுதி செய்தது. இடைவேளைக்குப் பிறகு மாற்று வீரராக வந்த விர்ட்ஸ் அன்றைக்கு மூன்று கோல். மூன்றாவது கோலோடு சனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ஆளில்லாத அரங்கத்தில் பிரேமனுக்கு எதிராகத் தொடங்கியவருக்கு நாலு வருடம் கழித்து அதே பிரேமனுக்கு எதிராக இப்படி ஒரு நாள். அந்தப் பருவத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

2025 ஜூனில் லிவர்பூல் அவரை வாங்கியது. உறுதியான தொகை 100 மில்லியன் பவுண், நிபந்தனைகள் நிறைவேறினால் இன்னும் 16 மில்லியன். இனி அந்தக் காசுக் கணக்கு.

ஒரு வீரர் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு விலைக்குப் போனால், அந்த விலையில் 5 வீதத்தை அவரைச் சிறுவயதில் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது பீஃபாவின் விதி. ஒருமைப்பாட்டுப் பங்கு என்று சொல்லலாம். 12 வயதிலிருந்து 23 வயது வரை கணக்கு. 12 முதல் 15 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் விலையில் கால் வீதம். 16 முதல் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை வீதம். 100 மில்லியனுக்குப் போட்டுப் பார்த்தால் கால் வீதம் என்பது இரண்டரை இலட்சம் பவுண். அந்த விதிப்படி கொலோனுக்கு ஒன்றரை மில்லியன் பவுணுக்கு மேல் வர வேண்டும் என்பது எங்கள் கணக்கு. சண்டை போட்டுப் பிரிந்த பிள்ளையின் பெயரால் கடைசியில் ஒரு காசு வருகிறது. நல்ல விடயம்.

பிரவுவைலரின் பச்சை-வெள்ளைக்கு எவ்வளவு? பையன் ஏழு வயதில் போய்விட்டான். கணக்குத் தொடங்குவது 12இல். இந்த விதியில் அவர்களுக்கு ஒரு சதமும் இல்லை.

12இல்தான் பயிற்சி தொடங்குகிறது என்பதை நாங்கள் ஏற்கவில்லை. பந்தைக் காலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பது, பந்து வருவதற்கு முன்னமே தலையைத் திருப்பிப் பார்ப்பது, விழுந்தால் அழாமல் எழும்புவது எல்லாம் சின்ன வயதில் படிகிற விடயங்கள். விர்ட்ஸின் ஆட்டத்தில் எல்லோரும் புகழ்வது அவருடைய பார்வையை. நெருக்கத்துக்குள் பந்தை வாங்க முதலே அடுத்த ஆள் எங்கே நிற்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அது 12 வயதுக்குப் பிறகு ஊசி போட்டு ஏற்றிய விடயமாக எங்களுக்குத் தெரியவில்லை.

மறுபக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வயதுக்கும் காசு என்று விதி போட்டால் ஆறு வயதுப் பிள்ளையைச் சுற்றித் தரகர்கள் வந்து நிற்பார்கள். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு வியாபாரமாகிவிடும். அந்தப் பயம் சரியான பயம். ஆனால் அதற்குப் பரிகாரம் அந்த வருடங்களுக்கு ஒன்றுமே இல்லை என்பதல்ல. கழகத்தின் கையில் கொடுக்காமல் அந்த வட்டாரத்துச் சிறுவர் மைதானங்களுக்கு என்று ஒரு சின்ன வீதத்தை ஒதுக்கலாம். புல் வெட்டவும் பந்து வாங்கவும் லைட் பில் கட்டவும் அது போதும். தரகருக்கு அதில் கை வைக்க இடமிருக்காது.

லிவர்பூலில் நடந்ததையும் இந்தக் கண்ணால் பாருங்கள். புது நாடு, புது மொழி, வேகம் கூடிய லீக். சேர்ந்து இரண்டு கிழமையில் அணியின் டியோகோ ஜோட்டா கார் விபத்தில் மௌத்தானார். அந்தத் துக்கத்தோடு தொடங்கிய பருவம் அது. அணியே தோல்விக்கு மேல் தோல்வி கண்டது. நம்ம ஆட்கள் எண்ணியது விர்ட்ஸின் கோலை மட்டும். முதல் கோல் வந்தது டிசம்பர் 27ஆம் திகதி, வூல்வ்ஸுக்கு எதிராக. ஜோட்டா ஆடிய இரண்டு கழகங்களும் மோதிய நாள் அது. இடையில் போன அந்த மாதங்களில் 22 வயதுப் பையனை 'வீண்' என்று தீர்ப்பு எழுதியவர்களில் எங்கள் பழைய மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு முதலாம் தவணையில் கணக்குக்கு 18 புள்ளி, கடைசியில் சாதாரண தரத்தில் ஏ. பெயர் சொல்லவில்லை, தம்பிமார் பயப்பட வேண்டாம். அந்த 18ஐப் பார்த்து யாராவது தீர்ப்பு எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

விலையைத் தீர்மானித்தது அவரில்லை. இரண்டு கழகங்கள் பேசி ஒட்டிய சீட்டு அது. அந்தச் சீட்டை வைத்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரை நிறுக்கிறோம்.

கடைசியாக ஒரு வேலை விடயம். முன்பு இந்த 5 வீதப் பங்கை வளர்த்த கழகம் தானே தேடிப் போய்க் கேட்க வேண்டும், நிறையச் சின்னக் கழகங்கள் கேட்காமலே விட்டுவிட்டன. 2022 நவம்பரிலிருந்து பீஃபா அதற்கென்று ஒரு தீர்வகம் நடத்துகிறது. வீரரின் பதிவு வரலாற்றைக் கணினியில் சேர்த்து, எந்தக் கழகத்துக்கு எவ்வளவு என்று அதுவே பிரிக்கும். ஆனால் பதிவில் இருக்கிற கழகத்தைத்தான் அது கண்டுபிடிக்கும். 12 வயதில் எங்கே ஆடினான் என்று சங்கத்தின் ஏட்டில் இல்லாவிட்டால் ஆடாத மாதிரித்தான். நம்ம கழகங்களில் செயலாளராக இருக்கிற சகோதரர்கள் யாராவது இந்தப் பதிவை வாசித்தால், உங்கள் 12, 13 வயதுப் பையன்களைச் சங்கத்தில் பதிந்திருக்கிறீர்களா, எந்த வயதிலிருந்து பதிகிறீர்கள், பதிவதில் என்ன கஷ்டம் என்று கீழே எழுதுங்கள். படிவம் நிரப்புவதுதான் கஷ்டம் என்றால் பாடசாலை விட்ட பிறகு எங்களில் இரண்டு மூன்று பேர் வந்து நிரப்பித் தருவோம். பிறப்புச் சான்றிதழின் பிரதியை மட்டும் எடுத்து வையுங்கள்.