கோபத்துக்கு ஒரு தூண்டில்



அண்மையில் கரவனெல்லவில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்தவர், சாப்பிட்ட கையோடு பேத்தியின் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு சத்தம்.

"அடப் பாவி! சோத்தைப் போய் கொட்டுறானே!"

எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் சிரித்துக்கொண்டே ஒரு பானைச் சோற்றைக் குப்பை வாளியில் கவிழ்க்கிறான். பெரியம்மா அதை மூன்று தடவை பார்த்தார். கோப முகத்தை ஒரு தட்டு தட்டினார். அப்புறம் குடும்ப வட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பிவிட்டார்.

அந்தப் பையன் எதிர்பார்த்ததும் அதைத்தானே?

இதற்கு ஆங்கிலத்தில் 'ரேஜ் பெய்ட்' என்று பெயர். 2025ஆம் ஆண்டின் சொல்லாக ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் தேர்ந்தெடுத்தது இதைத்தான். 'ரேஜ்' என்றால் கடுங்கோபம். 'பெய்ட்' என்றால் தூண்டில் முள்ளில் கோர்க்கும் இரை. நாம் கொதித்துப்போய் பார்க்க வேண்டும், திட்ட வேண்டும், பகிர வேண்டும் என்றே திட்டமிட்டுப் போடுகிற பதிவு. தமிழில் 'கோபத் தூண்டில்' எனலாம். தூண்டுவதால்தானே அது தூண்டில்! வீட்டுப் பேச்சில் சொன்னால், 'மூட்டி விடுறது'.

ஆனால் ஒன்று. கோபம் வரவைப்பதெல்லாம் ரேஜ் பெய்ட் ஆகிவிடாது. நாள் சம்பளம் 1000 ரூபாய் கேட்டுத் தோட்டத்து மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2021இல்தான் அது கிடைத்தது. அந்தச் செய்திகளைப் படித்தபோது வந்தது நியாயமான கோபம். பிடிக்காத உண்மையைச் சொன்னவர் மீதெல்லாம் இந்தச் சொல்லை எறிந்துவிடக் கூடாது. வேண்டுமென்றே கிளப்பினாரா, அதில் அவருக்கு என்ன லாபம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

லாபம் இருக்கிறது. பார்ப்பவர்கள் கூடினால், போட்டவருக்குக் காசு வரலாம். 2017 முதல் பேஸ்புக், கோப முகம் உள்ளிட்ட குறிகளுக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்புப் போட்டது. நிறைய பேர் கோபப்பட்ட பதிவு நிறைய பேர் கண்ணில் பட்டது. கோப முகத்தின் மதிப்பை அவர்கள் பூச்சியமாக்கியது 2020இல்தான்.

இடையில் நம் நாட்டில் என்ன நடந்தது? 2018 பெப்ரவரியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று பேஸ்புக்கில் கதை பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாத்திரை என்று காட்டியது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வில் பிறகு தெரிந்தது. அடுத்த வாரமே கண்டிப் பக்கம் திகன எரிந்தது. அரசாங்கம் பேஸ்புக்கையே சில நாள் முடக்கியது. இந்தக் கலவரத்தில் தன் பங்குக்காக 2020இல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்காரருக்கு அது எந்த மூலைக்கு?

சோற்றுப் பானையும் அம்பாறையும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்லதான். ஆனால் யோசிக்காமல் அனுப்புகிற விரல் ஒன்றுதானே?

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ நான் திட்டினதுக்கு அவனுக்குக் காசா?" என்றார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, குரூப்பில் போட்டதை அழிக்கச் சொன்னார்.

'மூட்டி விடுறது' என்பதற்கு உங்கள் தோட்டத்தில், உங்கள் ஊரில் வேறு சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சேர்த்துப் போடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்