மலையில் மாலை மாற்றினால் கல்யாணம் செல்லுமா? ‘எலோப்மென்ட்’ பிளான் பண்ணும் ஜோடிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பனிமூட்டம், பின்னால் தேயிலைத் தோட்டம், நடுவில் ரெண்டு பேர், கையில் ரெண்டு மாலை. மண்டபம் இல்லை, பந்தி இல்லை, மொய் நோட்டு இல்லை. ரீல்ஸில் இப்படி ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டு ‘நாமளும் இப்படியே பண்ணிக்கலாமே’ என்று யோசிக்கும் ஜோடிகள் அதிகமாகிவிட்டார்கள்.

மேலைநாடுகளில் இதன் பெயர் ‘எலோப்மென்ட் வெட்டிங்’. அங்கேயும் அந்தச் சொல்லுக்கு முதலில் ‘வீட்டை விட்டு ஓடிப்போவது’ என்றுதான் பொருள். 1754-ல் இங்கிலாந்தில் திருமணச் சட்டம் கெடுபிடியானதும், அங்கிருந்த ஜோடிகள் எல்லை தாண்டி ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு ஓடினார்கள். அந்தப் பக்கம் சட்டம் எளிதாக இருந்ததுதான் காரணம். இப்போது அங்கே எலோப்மென்ட் என்றால் செலவு குறைந்த, அமைதியான, அழகான கல்யாணம்.

நம் ஊரில் ரெண்டு அர்த்தமும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு ஜோடிக்கு இது கடன் வாங்காமல் கல்யாணம் முடிக்கும் வழி. பக்கத்து யூனிட்டில் இருக்கும் இன்னொரு ஜோடிக்கு, சாதியோ மதமோ வேறு என்பதால், இதைத் தவிர வேறு வழியே இல்லை. ரெண்டு பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லுமா?

தமிழ்நாட்டில் ஐயர் இல்லாமல் கல்யாணம் செல்லுமா?

செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு கொண்டுவந்த 7ஏ பிரிவுதான் இதற்கு அடிப்படை. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் நிறைவேற்றப்பட்ட இந்தத் திருத்தம், சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது.

இதன்படி, இரண்டு இந்துக்கள் உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில் மூன்றில் ஒன்றைச் செய்தால் போதும். ஒருவரை ஒருவர் கணவன், மனைவியாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லலாம். மாலை மாற்றிக்கொள்ளலாம் அல்லது மோதிரம் போட்டுக்கொள்ளலாம். தாலி கட்டலாம். புரோகிதர் கட்டாயமில்லை. அக்னி கட்டாயமில்லை. இரண்டு பேரும் வேறு வேறு சாதி என்பது தடையே இல்லை. மண்டபம்தான் வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. ஏலகிரியில் ஒரு காட்டேஜ் வாசலில் நடந்தாலும் அது கல்யாணம்தான்.

‘நாலு பேர் மட்டும் இருந்தா அது ரகசியக் கல்யாணம் ஆகிடாதா?’ என்ற சந்தேகம் முன்பு இருந்தது. வழக்கறிஞர் அறைகளில் ரகசியமாக நடத்தும் திருமணங்கள் செல்லாது என்று 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. 7ஏ திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்றது. குடும்ப எதிர்ப்புக்கும் உயிர் பயத்துக்கும் நடுவே இருக்கும் ஜோடியிடம் ‘ஊரைக் கூட்டிச் சொல்’ என்பது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

வயது விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும்.

பக்கத்து மாநில மலைக்குப் போனால்?

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கிட்டத்தில் இருக்கும் அருவி, மலை என்றால் தடா அருவியும் நாகலாபுரம் மலையும்தான். இரண்டுமே ஆந்திராவில் இருக்கின்றன. 7ஏ தமிழ்நாட்டுத் திருத்தம். எல்லை தாண்டிப் போய் மோதிரம் மாற்றிவிட்டு அதே பிரிவைக் காட்ட முடியாது. மூணாறு, கூர்க் பிளான் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

அங்கெல்லாம் இந்து திருமணம் என்றால், மணமக்களில் ஒருவருடைய வழக்கப்படியான சடங்குகள் நடந்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்திருந்தால், அந்தச் சான்றிதழே திருமணத்தை உண்டாக்கிவிடாது. போட்டோ ஷூட்டுக்கும் அதே பதில்தான்.

மாறாக, 1960-ல் ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்த திருத்தணி மலையில் 7ஏ செல்லும். மாவட்டத்துக்குள்ளேயே மலை, முருகன் கோயில் எல்லாம் இருப்பதால் பலருக்கும் முதல் சாய்ஸ் அதுதான். ஆனால் அறநிலையத் துறை கோயில்களில் வயது, முகவரி, முதல் திருமணச் சான்று போன்றவற்றைக் கேட்பது வழக்கம். முந்தின நாள் போய் நின்றால் வேலை நடக்காது.

வேறு வேறு மதம் என்றால்?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. 7ஏ இரண்டு இந்துக்களுக்கு மட்டும். மதம் மாறாமல் கல்யாணம் செய்ய நினைக்கும் இந்து-முஸ்லிம், இந்து-கிறிஸ்தவ ஜோடிகளுக்கு 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் வழி தருகிறது. அதன் படிகள் இவை:

• இருவரில் ஒருவராவது, நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முன் 30 நாளாவது அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும். ஊட்டியில் ரெண்டு நாள் ரூம் போட்டு அங்கேயே முடிக்க முடியாது.

• நோட்டீஸ் திருமண அலுவலரின் அலுவலகத்தில் ஒட்டப்படும். 30 நாள் காத்திருக்க வேண்டும்.

• நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

• திருமணத்தன்று மூன்று சாட்சிகள் வேண்டும்.

இந்தத் திருமணத்தை அலுவலகத்துக்கு வெளியேயும் நடத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. கூடுதல் கட்டணம் கட்டினால், அலுவலகத்திலிருந்து ‘நியாயமான தூரத்தில்’ உள்ள இடத்தில் நடத்த சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் திருவள்ளூர் மாவட்ட அலுவலர் கொடைக்கானல் வரை வரமாட்டார். அதனால் நடைமுறையில் சுலபமான வழி, கையெழுத்தை இங்கே போட்டுவிட்டு மாலையை மலையில் மாற்றிக்கொள்வது.

வெளியூரிலிருந்து வந்து சிப்காட் பகுதியில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு இரண்டு சிக்கல்கள். ஆதாரில் ஊர் முகவரி இருந்தால், இங்கே 30 நாள் வசித்ததற்கு வாடகை ஒப்பந்தம் போன்ற ஆதாரம் தேவைப்படும். அடுத்தது இதைவிடப் பெரியது. நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத் திருமண அலுவலருக்கும் போகும். அங்கேயும் ஒட்டப்படும். அதாவது, யாருக்குத் தெரியக் கூடாது என்று இங்கே வந்தார்களோ, அவர்கள் ஊர் அலுவலகத்திலேயே பெயர் தொங்கும்.

இந்த நோட்டீஸைக் கட்டாயமாக ஒட்டத் தேவையில்லை என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. அது உத்தரப் பிரதேச வழக்கு. சட்டத்தில் 30 நாள் விதி அப்படியே இருக்கிறது. ஒரே மதத்து ஜோடிக்கு ஒரு மாலை போதும் என்கிற அதே அரசமைப்பில், மதம் கடந்த ஜோடிக்கு மட்டும் ஒரு மாத அறிவிப்புப் பலகை. பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் இந்தப் பாதை நீளமாக இருக்கிறது.

ஆட்சேபம் வந்தால் பயப்பட வேண்டாம். வயது, ஏற்கெனவே உயிரோடு இருக்கும் துணை, சம்மதம் தரும் மனநிலை, தடை செய்யப்பட்ட உறவுமுறை போன்ற சட்ட நிபந்தனைகளை வைத்துத்தான் ஆட்சேபிக்க முடியும். ‘எங்களுக்குப் பிடிக்கல’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

பதிவு எப்போது, எங்கே?

தமிழ்நாட்டில் எந்த மதத் திருமணமாக இருந்தாலும் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அடுத்த 60 நாள் வரை கூடுதல் கட்டணத்துடன் பதியலாம். முன்பு கல்யாணம் நடந்த ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிய வேண்டியிருந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வசிப்பிடம் சார்ந்த அலுவலகத்திலும் பதிய வழி வந்தது. மலையில் கல்யாணம் செய்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

பதியாவிட்டால் இந்து திருமணம் செல்லாமல் போகாது. ஆனால் பி.எஃப். நாமினி மாற்றுவது, இ.எஸ்.ஐ.-யில் துணையைச் சேர்ப்பது, பாஸ்போர்ட், விசா என எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். நாளைக்கே ஒருவர் ‘அப்படி ஒரு கல்யாணமே நடக்கல’ என்றாலும் கையில் இருக்கப்போவது அதுதான். கூட வரும் நண்பர்கள் பதிவு நாளில் கையெழுத்துப் போடவும் வருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தேதி, இடம், வந்தவர்கள் தெரியும்படி போட்டோக்களும் இருக்கட்டும்.

மலைக்கென்று என்ன விதிகள்?

நீலகிரி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த நடைமுறை இது. 2025 கோடை சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். சீசனில் முகூர்த்தம் குறித்தால் இ-பாஸையும் சேர்த்துப் பாருங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு இடத்திலும் தடை.

வட மாவட்டத்துக்காரர்களுக்கு ஏலகிரி வசதி. சென்ட்ரலில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கினால், 14 கொண்டை ஊசி வளைவுகள்தான் பாக்கி.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். ‘வியூ சூப்பரா இருக்கு’ என்று வேலி தாண்டக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்ததை யாரும் மறக்க முடியாது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு ஆன்லைனில் அனுமதி வாங்கலாம். பூண்டி பக்கத்தில் இருக்கும் குடியம் குகைகளும் அதில் உண்டு. இது வழிகாட்டியோடு நடக்கப் போவதற்கான அனுமதி. மேடை போட, டிரோன் பறக்கவிட, பட்டாசு வெடிக்க அல்ல.

வீட்டில் எதிர்ப்பு இருந்தால்?

18 வயது முடிந்த பெண் விருப்பப்பட்டுப் போனால் அது ஆள்கடத்தல் ஆகாது. வயது வந்த இருவர் சேர குடும்பமோ ஊர்ப் பஞ்சாயத்தோ சம்மதிக்கத் தேவையில்லை என்று 2018 மார்ச் 27-ல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

தீர்ப்பு மட்டும் காப்பாற்றாது என்பதற்கும் நம்மிடம் சாட்சி இருக்கிறது. 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் கொல்லப்பட்டார். 2025 ஜூலையில் நெல்லையில் ஓர் ஐ.டி. இளைஞர் சாதி கடந்த காதலுக்காகக் கொல்லப்பட்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு, நம் திருவள்ளூர் மாவட்டத்தில் காதல் திருமணம் செய்த இளைஞரின் தம்பி கடத்தப்பட்டதாகப் பதிவான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. ஜோடி கிடைக்காவிட்டால் கோபம் வீட்டில் இருப்பவர்கள் மேல் திரும்பும். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க, 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது.

அதனால் மிரட்டல் இருக்கும் ஜோடிக்கு, ஆள் நடமாட்டமில்லாத மலை பாதுகாப்பான இடம் இல்லை. முதலில் வயதுச் சான்றும் திருமண ஆதாரமும் எடுத்துக்கொண்டு எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்துபூர்வமாக மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். தம்பி, தங்கை, பெற்றோர் பெயரையும் மனுவில் சேருங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. எங்கே தங்குகிறீர்கள் என்று நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். லைவ் லொகேஷனோடு ஸ்டேட்டஸ் போடுவதைத் தள்ளிப்போடலாம்.

சுருக்கமாக, எதை முதலில் செய்வது?

எந்தச் சட்டத்தில் கல்யாணம் என்று முடிவெடுங்கள். அது இடத்தையும் தேதியையும் தானாகவே குறுக்கிவிடும். இருவரும் இந்து, இடம் தமிழ்நாடு என்றால் ஒரு வார இறுதி போதும். சிறப்புத் திருமணச் சட்டம் என்றால் குறைந்தது ஒரு மாதம் முன்னால் தொடங்க வேண்டும். சாட்சிகள், சான்றுகள், இ-பாஸ், தங்குமிடம் எல்லாம் அதற்குப் பிறகு. போட்டோகிராபருக்கு அட்வான்ஸ் கொடுப்பது கடைசி.