ஸ்டோர் வீட்டு வாசகி

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது பெரிய சண்டையே நடந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிக்கொள்கிறான். அழுதபடி வீடு திரும்பி நடந்ததைச் சொல்லும் மகளை விதவைத் தாய் அடிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீரைக் கொட்டி, இனி நீ சுத்தம் என்கிறாள். ஒரு தாய் இப்படிச் செய்யலாமா என்பதுதான் சண்டை.

என் அத்தைக்கு அந்தச் சண்டையே விளங்கியதில்லை. கல்யாணமான புதிதில் திருவல்லிக்கேணி ஸ்டோர் ஒன்றில் குடியிருந்தவர். ஒரே முற்றம், ஒரே குழாய், வரிசையாகப் போர்ஷன்கள். இந்தப் போர்ஷனில் முணுமுணுத்தால் அந்தப் போர்ஷனில் பதில் வரும். “தண்ணி ஊத்தினது இருக்கட்டும்டா. அதுக்கு முன்னாடி என்ன பண்ணினா பாத்தியா?” என்பார். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் விசாரிக்கும்போது, பெண் மழையில் நனைந்து வந்துவிட்டாள் என்று தாய் சமாளிப்பாள். சட்டென்று கடந்துபோகும் இடம். கற்பு, புரட்சி, பரிகாரம் என்று நான் படித்த கட்டுரைகள் எதுவும் அங்கே நின்றதாக நினைவில்லை. அத்தை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

வாசகர்கள் சொந்தக் கதையைக் கொண்டுவந்து ஏற்றுகிறார்கள் என்று விமர்சகர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. அத்தை எதையும் ஏற்றவில்லை, இருந்ததைத்தான் பார்த்தார். ஜெயகாந்தனும் அவர் கட்சிதான் போலிருக்கிறது. இதே கதையை வேறு பக்கம் திருப்பி எழுதி, 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கங்காவின் தாய் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிடுகிறாள். அத்தோடு கங்காவுக்கு வீடு போயிற்று. அந்தக் கங்காவும் ஒரு வாசகிதான். தனக்கு நடந்ததே வேறு முடிவோடு ஒரு பத்திரிகைக் கதையாக வந்திருப்பதைப் படிக்கிறாள். ஊருக்கு அது சர்ச்சை. அவளுக்கோ, கிடைக்காமல் போன அம்மா.

எனக்குப் பெண் பிறந்த பிறகு, அந்த அடிகளைத் தாண்டிப் படிப்பதே சிரமமாகிவிட்டது.

அந்தப் பெண்ணும் இப்போது கதையைப் படித்துவிட்டாள். பக்கத்து ஃப்ளாட்டில் யார் என்றே தெரியாமல் வளர்ந்தவள். அக்கம்பக்கத்தார் விசாரித்ததெல்லாம் அவள் கண்ணில் படவில்லை. நேரே அத்தையிடம் போனாள்.

“அந்தக் கார்க்காரனை ஏன் பாட்டி யாருமே ஒண்ணும் பண்ணல?”

அத்தை சற்று யோசித்தார்.

“யாருடி? ஓ, அவனா!”