அப்பாக்களும் ஆடட்டுமே!

1996-ல் மசாயுகி சுவோ இயக்கிய ஜப்பானியப் படம் 'ஷால் வி டான்ஸ்?'. நாற்பதைத் தாண்டிய ஆபீஸ் கணக்கர் ஒருவர் வீட்டுக்குத் தெரியாமல் ஜோடி நடனம் கற்கிறார். மனைவி சந்தேகப்பட்டு துப்பறிவாளரையே வைக்கிறார்!

நம்மூரும் அப்படித்தானே? அழகர் எதிர்சேவையில் ஆடினால் பக்தி, சும்மா ஆடினால் "இந்த வயசுல இது தேவையா?" என்பார்கள். நம்ம 'முத்து'வை 1998-ல் 'ஆடும் மகாராஜா' என்று கொண்டாடியதும் அதே ஜப்பான்தான்.

எங்க அப்பா மூட்டை தூக்குபவர். ஒயிலாட்டக்காரர். என் ஃபீஸுக்காக ராத்திரி லோடும் ஏத்தப் போனதில் ஆட்டம் நின்னுபோச்சு. பிள்ளைக்காக ஆசையை விடுவதுதான் அப்பாவுக்கு அழகு என்பதை நான் ஏற்க மாட்டேன். முதல் சம்பளத்தில் அவருக்குச் சலங்கை வாங்குவேன்.

நீங்களும் வீட்டில் கேளுங்கள்: "அப்பா, உங்களுக்கு என்ன ஆசை?"